அமெரிக்காவில் பதின்ம வயதினரே நடத்தும் 'யூத் கோர்ட்' எப்படி இயங்குகிறது? அதனால் பலன் உண்டா?

பலன் உண்டு. ஆனால் அது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை.

பெயரில் கோர்ட் இருந்தாலும், பெரும்பாலான யூத் கோர்ட்டுகளில் 'செய்தானா, இல்லையா' என்ற விசாரணையே கிடையாது. தவறை ஒப்புக்கொண்டு, பெற்றோரும் சம்மதித்த பிறகுதான் வழக்கு அங்கே வரும். கடையில் திருடியது, சுவரைக் கிறுக்கிப் பாழாக்கியது, சிறு கைகலப்பு, வயது வராமல் மது குடித்தது என்று பெரும்பாலும் முதல்முறை மாட்டியவர்களின் வழக்குகள். அதற்கு என்ன பரிகாரம் என்பதை மட்டும் அதே வயதுப் பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். சொன்னதைச் செய்து முடித்தால் வழக்கு அதோடு போகும். முடிக்காவிட்டால் வழக்கை அனுப்பிய போலீஸ் அல்லது நீதிமன்றத்திடமே திரும்பிவிடும்.

டெக்சாஸின் ஒடெஸாவில் 1983இல் தொடங்கியதைத்தான் பல ஊர்கள் பின்பற்றின. பல இடங்களில் நீதிபதி நாற்காலியில் பெரியவர் ஒருவர் இருப்பார்; வக்கீல்களும், முடிவு சொல்லும் குழுவான ஜூரியும் பிள்ளைகள். வக்கீலே இல்லாமல் ஜூரி நேரடியாகக் கேள்வி கேட்கும் முறையும் உண்டு. அலாஸ்காவின் ஆங்கரேஜில் நீதிபதிகளும் மாணவர்களே. பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால்தான் அங்கே வாதாட முடியும்.

இதில் உயிர்நாடி கேள்விகள்தான். "ஏன் திருடினாய்?" என்று கேட்டால் "தெரியல" என்று தோளைக் குலுக்குவான். "அப்போது உன் பையில் காசு இருந்ததா? கூட யார் இருந்தார்கள்? வீட்டில் முதலில் யாரிடம் சொன்னாய்? அன்று முதல் வீட்டில் என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டால் வாய் திறப்பான். பதிலை ஒத்த வயதினர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால், பெரியவர்களிடம் ஒப்பிக்கும் பொய் அங்கே எடுபடாது. பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம் என்பேன்.

பரிகாரம் என்றால் சமூக சேவை, மன்னிப்புக் கடிதம், கட்டுரை, நஷ்டஈடு போன்றவை. பல ஊர்களில் தவறு செய்தவனே பிறகு ஜூரியில் உட்கார வேண்டும். மற்றவற்றை விட இது ஆழமாக வேலை செய்யும் என்பது என் கருத்து. இன்னொருவனின் வழக்கைக் கேட்கும்போதுதான் தன் வழக்கு வெளியிலிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்பது அவனுக்கு உறைக்கும்.

கெட்டுப்போவது எங்கே? சம்பவம் நடந்து மாதக்கணக்கில் கழித்து விசாரித்தால் அவன் மனதில் அது ஆறிப்போயிருக்கும். பிள்ளை ஜூரிகள் பெரியவர்களை விடக் கடுமையாகவும் இருப்பார்கள். அதனால் சேவை மணிநேரத்துக்குக் கீழ்வரம்பு, மேல்வரம்பு இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல எழுதிய கடிதத்தை வாங்கக் கூடாது. ரகசியம் காப்போம் என்ற ஜூரியின் உறுதிமொழி ஒருமுறை மீறப்பட்டாலும், விஷயம் மறுநாள் பள்ளி முழுக்கப் பரவிவிடும். அதன் பிறகு எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்கள்?

அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மீண்டும் தவறு செய்து சிக்கியவர்கள் அலாஸ்காவில் 6 சதவீதம். வழக்கமான முறையில் போனவர்களில் 23 சதவீதம். மிசூரியில் 9க்கு 28. மேரிலாந்தில் மட்டும் யூத் கோர்ட்டுக்கு 8, ஒப்பிட்ட குழுவுக்கு 4. மாதிரி சிறியது என்பதால் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க முடியாது. ஆனாலும் காரணம் கவனிக்க வேண்டியது: ஒப்பிட்ட குழுவினருக்குப் போலீஸே சேவை, கடிதம் எல்லாம் வைத்து ஒரு நல்ல திட்டத்தை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தது. எச்சரித்து அனுப்பியிருக்க வேண்டிய பிள்ளையை இங்கே இழுத்து வந்து உட்கார வைப்பதிலும் எந்த லாபமும் இல்லை.