45 டன் என்றால் 450 கிலோ நியூட்டனா?

கேள்வி: கட்டட சைட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எம்20 கான்கிரீட்டில் போட்ட 28 நாள் க்யூபை (வலிமை பார்க்க வார்த்த கனசதுரக் கட்டியை) பழைய மெஷினில் வைத்து உடைத்தோம். டயல் 45 டன் காட்டியது. "பத்தால் பெருக்கினால் 450 கிலோ நியூட்டன், சரியாக இருக்கிறது" என்கிறார் உடன் இருக்கும் மூத்தவர். அப்படி எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். 45 டன் என்பது 441.3 கிலோ நியூட்டன்தான். உங்கள் க்யூப் 150 மி.மீ. என்றால் அழுத்தம் விழும் முகத்தின் பரப்பு 22,500 சதுர மி.மீ. 450 என்று எழுதினால் வலிமை சதுர மி.மீ.க்குச் சரியாக 20 நியூட்டன் வரும்; எம்20 என்ற பெயரில் உள்ள 20 இதுதான். நிஜத்தில் வந்திருப்பது 19.6. ஒரே க்யூபை வைத்துக் கான்கிரீட் தேறியதா என்று முடிவு கட்டுவதில்லை, மூன்றின் சராசரியைத்தான் பார்ப்போம். ஆனால் மூன்றுக்குமே இந்த 2 சதவீதம் கூடிவிட்டால் சராசரியும் பொய்யாகிவிடும்.

குழப்பம் 'டன்' என்ற சொல்லில் இருக்கிறது. உடைப்பதற்கு முன் க்யூபைத் தராசில் வைத்தால் ஏறக்குறைய 8.1 கிலோ காட்டும். அது நிறை. அடர்த்தி கணக்கிட அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், 9.81-ஆல் பெருக்கக் கூடாது. மெஷின் டயலில் உள்ள டன்னோ விசை. அதாவது, ஒரு டன் நிறையைப் பூமி இழுக்கும் அளவு. அந்த இழுப்பு நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 என்று இடத்துக்கு இடம் மாறுவதால், 1901-இல் சர்வதேச அளவியல் மாநாடு 9.80665 என்று ஒரே எண்ணை நிர்ணயித்தது. எந்த ஊர் மெஷினாக இருந்தாலும் டன்னை இந்த எண்ணால் பெருக்கினால் கிலோ நியூட்டன். திரும்ப டன்னாக்க, இதே எண்ணால் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 450-க்கு உங்கள் டயல் 45.9 காட்டியிருக்க வேண்டும்.

மூத்தவர் மனதில் 45 பதிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456-இன் 1964 பதிப்பில் கிரேடு எம்200, அதாவது சதுர செ.மீ.க்கு 200 கிலோ. அதே க்யூபுக்கு 225 சதுர செ.மீ.; 200-ஆல் பெருக்கினால் கச்சிதமாக 45 டன். 1978 பதிப்பில் அலகு நியூட்டனாகி, பெயரும் எம்20 ஆனது. பெயரில் ஒரு பூஜ்யம்தான் போனது, ஆனால் தேவையான வலிமை 2 சதவீதம் கூடிவிட்டது.

பத்தால் பெருக்குவது எல்லா இடத்திலும் தப்பில்லை. மாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைக்கிறீர்கள், தண்ணீர் 1,000 கிலோ, லோடு 9.81 கிலோ நியூட்டன். அதைப் 10 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு கூடத்தான் செய்யும். தாங்க வேண்டிய பாரத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம், தாங்கும் வலிமையைக் கூட்டிச் சொல்லவே கூடாது.

ரிப்போர்ட்டில் டயல் காட்டிய 45 டன்னை ஒரு கட்டத்தில் அப்படியே எழுதுங்கள். அப்புறம் அடுத்த கட்டத்தில் 441.3 கிலோ நியூட்டன் என்று போடுங்கள். பின்னால் யார் சரிபார்த்தாலும் எண் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.