வட சென்னையில் கவுன்சிலர் வேட்பாளர்கள் ஏன் மழைநீர் வடிகாலையே முதலில் சொல்கிறார்கள்?

மழைநீர் வடிகால் என்பது தெருவில் விழும் மழையைக் கால்வாய்க்குக் கொண்டுபோகும் கான்கிரீட் வாய்க்கால். குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலை போல இதுவும் மாநகராட்சியின் வேலை. அதனால் கவுன்சிலர் நியாயமாக வாக்குக் கொடுக்கக்கூடிய விஷயம்.

வட சென்னை தாழ்வான நிலம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மழைநீர் கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் சேர வேண்டும். கடல் ஏற்றத்தில் அங்கே நீர் இறங்காது. நிரம்பிய வாளிக்குள் குழாய் நுனியை விட்டதுபோல, மேலே எவ்வளவு பெரிய வடிகால் கட்டினாலும் மெல்லத்தான் வடியும். போதாக்குறைக்கு, மழைநீரோடு வரும் மண்ணைப் பிடித்து நிறுத்தும் வண்டல் வடிகட்டித் தொட்டியில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும்.

எனவே "வடிகால் கட்டுவேன்" என்பது பாதி வாக்குறுதிதான். எந்தக் கால்வாயில் சேரும், அக்டோபருக்கு முன் தூர்வாருவீர்களா என்று கேளுங்கள்.

மேன்ஹோல் பொங்கினாலும் கவுன்சிலரைத் திட்டுவோர் உண்டு. பாதாளச் சாக்கடை சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, அதற்கு அழைக்க வேண்டிய புகார் எண் 1916. வடிகாலுக்குத்தான் மாநகராட்சியின் 1913.