உறைந்தால்தான் சுத்தமான தேங்காய் எண்ணெயா?

கேள்வி: கோவையில் இருக்கிறோம். செக்கில் வாங்கிய தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் பாட்டிலோடு உறைந்துவிட்டது. அடுப்புக்கு மேல் அலமாரியில் இருந்த பாக்கெட் எண்ணெய் உறையவே இல்லை. "உறையாததில் கலப்படம்" என்கிறார் செக்குக்காரர். உண்மையா? உறைந்த பாட்டிலில் அளவும் குறைவாகத் தெரிகிறது. போய்க் கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு முன் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் உறைவதும் உருகுவதும் 24, 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். உங்கள் ஊர் மார்கழிக் காலை அதற்குக் கீழே இறங்கிவிடும். அடுப்புக்கு மேல் அலமாரி லேசில் இறங்காது. ஒரே எண்ணெயை இரண்டாகப் பிரித்து வைத்தாலும் இப்படித்தான் இருக்கும்.

சூடு இருக்கும்வரை எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடிக்கொண்டிருக்கும். பாட்டில் சுவர் வழியே சூடு வெளிக்காற்றுக்குப் போகப் போக ஓட்டம் தளரும். ஒன்றையொன்று இழுக்கும் விசை கை ஓங்க, அடுக்கடுக்காக நின்றுவிடும். எண்ணெய் மூலக்கூறில் சங்கிலிபோல நீளும் பகுதிகள்தான் கொழுப்பு அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் அவற்றில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் சங்கிலி நேரானது, நெருக்கி அடுக்க வாகானது. கடலை எண்ணெயில் பெரும்பாலானவை வளைந்த சங்கிலிகள். அதனால் நம் ஊர்க் குளிருக்கெல்லாம் அது உறைவதில்லை.

அளவுக்கு வருவோம். நெருக்கி அடுக்கினால் இடம் குறையும்தானே? ஓரம் முதலிலும் நடு கடைசியிலும் உறைவதால், மேலிருந்து பார்த்தால் நடுவில் குழி விழுந்திருக்கும். எடை ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி உருக்கிப் பாருங்கள்; நேராக அடுப்பில் காட்ட வேண்டாம். உருக நேரமாகிறதே என்று கொதிநீரை ஊற்றாதீர்கள். அந்த நேரத்தில் ஏறும் சூடெல்லாம் அடுக்கைக் கலைக்கத்தான் செலவாகிறது. உருகியபின்னும் குறைந்தால் தாராளமாகப் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று: ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது, 910 முதல் 920 கிராம்தான். செக்கில் சொல்வது கிலோ விலையா, லிட்டர் விலையா? பாக்கெட்டோடு விலையை ஒப்பிடும்போது பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சரி, கலப்படம்? கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வையுங்கள், ஃபிரீசரில் அல்ல. தேங்காய் எண்ணெய் உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனியாக நிற்கும். ஆனால் இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு, செக்குக்காரர் அதைச் சொல்ல மாட்டார். பாமாயில் தரும் எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்தான். அதைக் கலந்தாலும் அழகாக உறையும். உறையாவிட்டால் சந்தேகப்படலாம், உறைந்ததை வைத்துச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

ஆகவே பாக்கெட்டோ செக்கோ, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். சந்தேகம் தீராவிட்டால் மீதி எண்ணெயையும் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அளவு, விலைத் தகராறுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.