புதிய நடுவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை

வணக்கம். உங்கள் உள்ளூர்க் கால்பந்துத் தொடரில் இளம் நடுவர்கள் மூன்று, நான்கு ஆட்டங்களோடு விலகிவிடுகிறார்கள் என்றும், ஊதியத்தைக் கூட்டினால் தங்குவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். ஊதியம் ஆட்டம் முடிந்த அன்றே கைக்கு வர வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களை விரட்டுவது பெரும்பாலும் ஏச்சும், அந்த ஏச்சைத் தனியாக நின்று தாங்க வேண்டியிருப்பதும்தான் என்று நான் கருதுகிறேன்.

நானும் நடுவராக இருந்தவன். என் முதல் ஆட்டத்தில் ஒரு பயிற்றுநர் அனைவர் முன்னிலையிலும் என்னைத் திட்டினார். அதைக் காட்டிலும், அமைப்பாளர்களில் ஒருவர்கூடப் பிறகு என்னிடம் பேசவில்லை என்பதே நெடுநாள் வலித்தது. ஆகவே முதல் ஐந்து ஆட்டங்களுக்காவது மூத்த நடுவர் ஒருவரை எல்லைக்கோட்டருகே நிறுத்துங்கள். இடைவேளையில் அவர் ஒரே ஒரு திருத்தத்தைச் சொன்னால் போதும். மிரட்டும் பயிற்றுநரிடம் பேசும் பொறுப்பையும் அவரே ஏற்கட்டும்.

விதிகளும் துணை நிற்க வேண்டும். 2024 ஐரோப்பியக் கோப்பையில், நடுவரின் முடிவைப் பற்றி அணித்தலைவர் மட்டுமே அவரை அணுகலாம் என்ற நடைமுறை இருந்தது. இங்கிலாந்தின் அடித்தளக் கால்பந்தில், 90 நிமிட ஆட்டமொன்றில் நடுவரிடம் வாதிடும் வீரரை 10 நிமிடங்கள் வெளியே அமர்த்தும் விதி 2019-20 பருவத்தில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. முன்னதை நீங்கள் அடுத்த வாரமே தொடங்கலாம்; பின்னதற்கு உங்கள் சங்கத்தின் ஒப்புதல் தேவை.

விலகியவர்களையும் ஒருமுறை நேரில் சந்தித்துக் காரணம் கேளுங்கள். சிலர் அதற்காகவே காத்திருக்கக்கூடும்.