மணல் தூவிய படம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘வெர்டிகோ’, ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ இரண்டையும் ப்ளூரேயில் வாங்கி ஒரே வாரத்தில் பார்த்தேன். 1958இல் வந்த முதல் படம் பளிச்சென்று இருக்கிறது. 1971இல் வந்த இரண்டாவதோ முழுக்க மணல் தூவியதுபோல் இருக்கிறது. குறை டிஸ்க்கிலா, என் டிவியிலா? ‘வெர்டிகோ’வில் ஒற்றைத் தட மோனோ, பல ஒலிபெருக்கிகளுக்கான 5.1 என இரண்டு ஒலித்தடங்கள் உள்ளன. மோனோ மங்கலாகக் கேட்கிறது. அதை ஏன் இன்னும் சேர்த்துத் தருகிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் டிஸ்க்கில் குறை இல்லை. டிவியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் மணல் என்று சொல்வதைத்தான் கிரெய்ன் என்கிறார்கள். வண்ணச் சுருளில் வெள்ளி உப்புத் துகள்களைச் சுற்றி உண்டாகும் சாயத் திட்டுகளால் ஆனதே பிம்பம். அந்தத் திட்டுகள் சட்டகத்துக்குச் சட்டகம் வேறு வேறு இடத்தில் அமைவதால், நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும்போது திரை மெல்லக் கொதிப்பதுபோல் தெரிகிறது. ‘வெர்டிகோ’ விஸ்டாவிஷனில் எடுக்கப்பட்டது. அந்த முறையில் அதே 35 மி.மீ. சுருளைக் கிடைமட்டமாக ஓட்டி, ஒரு சட்டகத்துக்குச் சுருளின் ஓரத் துளைகளில் எட்டின் நீளம் கொடுத்தார்கள். அதனால் பிம்பத்தின் பரப்பு வழக்கமானதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று, துகளும் அந்த அளவுக்குக் கண்ணில் படாமல் போயிற்று. ‘ஃபிரெஞ்ச் கனெக்‌ஷ’னோ நியூயார்க்கின் குளிர்காலத் தெருக்களில், பல இடங்களில் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, கிடைத்த வெளிச்சத்தில் எடுத்த படம். வெளிச்சம் குறைந்தால் துகள் கூடுதலாகத் தெரியும். படத்தின் வயதுக்கும் கிரெய்னுக்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தொடர்பில்லை.

இந்த மணலைக் கணினியால் துடைக்க முடியும், துடைத்தும் இருக்கிறார்கள். அந்த மென்பொருள் அடுத்தடுத்த சட்டகங்களை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததை அழுக்கு என்று கருதி நீக்குகிறது. மழைத்தாரையும் சிகரெட் புகையும் அதன் கணக்கில் அழுக்குதான். அந்தப் படத்தில் போலீஸ்காரர் டாய்ல் குளிரில் நடைபாதையில் நின்று பீட்சா தின்ன, எதிரே உணவகத்தினுள் அவர் பின்தொடரும் பிரெஞ்சுக்காரன் சாவகாசமாக விருந்துண்ணும் காட்சியை மறுபடி பாருங்கள். அந்தச் சாம்பல் நிறக் காற்றைத் துடைத்துவிட்டால் டாய்லின் முகம் மெழுகாகிவிடும், கோட்டின் நெசவு மறைந்துவிடும். பிறகு போன கூர்மையை ஈடுகட்ட விளிம்புகளைச் செயற்கையாகக் கூராக்குவார்கள். உருவங்களைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு முளைக்கும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பழைய படங்களில் ஒரு காட்சி கரைந்து அடுத்ததாக மாறுவதற்குச் சற்று முன் படம் திடீரென்று மங்கி, மாறி முடிந்ததும் தெளியும். அந்தக் கரைவை லேபில் வேறொரு சுருளில் நகலெடுத்துச் செய்தார்கள். அந்த நகலின் தடம்தான் அது. எனக்கு அது பிடிக்கும், அடுத்த காட்சி வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவதால்.

நிறத்தின் கதை வேறு. 2009இல் வந்த ‘ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ ப்ளூரேக்காக இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கினே படத்தின் வண்ணங்களை வெளிறவைத்தார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2012இல் பழைய நிறத்துக்கு நெருக்கமான பதிப்பு வந்தது. பழைய டிஸ்க் வாங்கும்போது ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். இயக்குநரின் ஒப்புதல் மட்டும் போதாது என்பதே என் எண்ணம், ஏனென்றால் முப்பத்தெட்டு ஆண்டு கழித்து வருகிறவர் அந்தப் படத்தை எடுத்த அதே ஆள் இல்லை.

இனி மோனோ. ‘வெர்டிகோ’ வெளியானபோது மக்கள் கேட்டது மோனோவைத்தான். 1996இல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் கேட்ஸும் அதை மீட்டு 70 மி.மீ.இல் வெளியிட்டபோது, காலடி, கதவு, துப்பாக்கி போன்ற ஒலிகள் பலவற்றைப் புதிதாகப் பதிந்து பல தட ஒலியில் சேர்த்தார்கள். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் இசை அதில் விரிந்து ஒலிக்கிறது. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்வேன். ஆனால் தொடக்கத்துக் கூரைத் துரத்தலில் வெடிக்கும் துப்பாக்கியை இரண்டு தடங்களிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். 5.1இல் அது நேற்றுப் பதிந்த வெடியாக, படத்துக்கு வெளியே நின்று ஒலிக்கிறது. மோனோ மங்கலாகக் கேட்பதற்குக் காரணம், படச்சுருளின் ஓரத்திலேயே ஒளியால் பதிந்த அன்றைய ஒலித்தடம் உயர்ந்த அதிர்வெண்களைச் சரியாகத் தாங்காததும், தியேட்டர்களே அவற்றைக் குறைத்து ஒலிக்கவிட்டதும்தான். அந்த எல்லைக்குள்தான் ஒலியமைப்பாளர்கள் வேலை செய்தார்கள். முதல் முறை பார்ப்பவர்களுக்கு நான் மோனோவையே சொல்வேன். சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள்.

டிவிக்கு வருகிறேன். ‘ஷார்ப்னெஸ்’ஸைக் குறைத்து, ‘நாய்ஸ் ரிடக்‌ஷ’னையும், அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்து, ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்ற முறையில் வையுங்கள். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் இவையெல்லாம் உச்சத்தில் இருக்கும், கடை வெளிச்சத்தில் பக்கத்து டிவியை முந்த வேண்டுமே. பிறகு அந்த பீட்சா காட்சியை, விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு முறை போட்டுப் பார்த்து எழுதுங்கள்.