பழைய ஸ்கேனிலேயே கட்டி இருந்ததாம்: வழக்குத் தொடரலாமா?

கேள்வி: விடாத இருமலுக்காக ஒன்றரை ஆண்டுக்கு முன் அம்மாவுக்கு மார்பு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். குறை எதுவும் இல்லை என்று அறிக்கை தந்தார்கள். இப்போது நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது. பழைய படத்தைப் பார்த்த வேறொரு மருத்துவர், "அப்போதே கட்டி தெரிகிறதே" என்கிறார். நீதிமன்றம் போகலாமா?

பதில்: போகலாம். உங்கள் கோபமும் நியாயமானது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நோட்டீஸ் அனுப்பிவிடாதீர்கள். கட்டி எங்கே என்று தெரிந்தபின் பார்ப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேனுக்குள் வழக்கமான கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைப் பொருத்தி வைத்தார்கள். 24 கதிரியக்க நிபுணர்களில் 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. தேர்ந்தவர் கண்ணுக்கும் தப்பும் என்பதால், தவறவிட்டது மட்டுமே கவனக்குறைவு ஆகிவிடாது. அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒருவர், அன்று கையிலிருந்த விவரங்களை வைத்துக் கண்டுபிடித்திருப்பாரா என்றே நீதிமன்றம் பார்க்கும். மருத்துவரின் கவனக்குறைவு பற்றிய இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டு போலம் வழக்கிலிருந்து பல நாடுகளில் ஏறத்தாழ இதுவே அளவுகோல்.

ஆகவே முதலில் ஸ்கேனின் மூலப் பதிவை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட ஃபிலிமில் சில படங்களே இருக்கும். மருத்துவப் படங்களைக் கணினியில் சேமிக்கும் டைகாம் (DICOM) வடிவில் எல்லாப் படங்களும் அடங்கிய குறுந்தகடு வேண்டும். அதைத் தொடர்பில்லாத ஒரு கதிரியக்க நிபுணரிடம், அம்மாவின் இன்றைய நோயைச் சொல்லாமல், முடிந்தால் வேறு சிலரின் ஸ்கேன்களோடு கலந்து கொடுங்கள். அப்படியும் அவர் கட்டியைக் குறித்துக் காட்டினால், அந்த அறிக்கைக்கு உள்ள வலு வேறு எதற்கும் இல்லை. ஸ்கேனுக்கு அனுப்பிய மருத்துவரின் பரிந்துரைச் சீட்டையும் விடாதீர்கள். நீடித்த இருமல் என்று அதில் எழுதாமல் 'மார்பு சி.டி.' என்று மட்டும் இருந்தால், பொறுப்பில் ஒரு பங்கு அவரையும் சேரலாம்.

பிழை நிரூபணமானாலும் பாதி வழிதான். அன்றே கண்டறிந்திருந்தால் சிகிச்சையும் விளைவும் மாறியிருக்குமா? இந்தக் கேள்வியில்தான் வலுவான வழக்குகளும் சரிகின்றன. கட்டியின் அன்றைய அளவு, பரவியிருந்ததா என்பவற்றை வைத்துப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரின் கருத்தை எழுத்தில் பெறுங்கள்.

வழக்குத் தொடரும் காலவரம்பு சில நாடுகளில் பிழை நடந்த நாளிலிருந்தும், சிலவற்றில் அது தெரியவந்த நாளிலிருந்தும் ஓடும். இரண்டாவது மருத்துவர் சொன்ன தேதியை இன்றே குறித்து வைத்துக்கொண்டு, உள்ளூர் வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள்.