ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில், மக்பெத் சீமாட்டி மூன்றாம் அங்கத்தில் ஏன் ஒடுங்குகிறாள்?

அவள் மனம் மாறவில்லை, புருசன்தான் அவளை ஒதுக்கிவிட்டான். தன் தோழன் பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பியதை மக்பெத் அவளுக்குச் சொல்லவேயில்லை. ‘நீ ஆம்பிளையோ’ என்று குத்தி, மன்னனைக் கொல்ல அவனை அனுப்பினவளுக்கு, அந்த ஆம்பிளைத்தனம் வந்தபின் வேலையில்லை.

உங்கட நாடகத்தில் சீமாட்டியாக நடிக்கிற பிள்ளை தன் முதல் காட்சியிலேயே கத்துகிறாள் போல; அதுதான் கடைசியில் அவள் உறக்கத்தில் நடக்கிற காட்சி ஒட்டவில்லை. கோவலன் கூத்துப் பார்த்த முல்லைத்தீவுச் சனம் வேறு, கத்தினால் சிரிக்கும்! மக்பெத்தின் கடிதத்தை அவள் வாசிக்கிற அந்த முதல் காட்சியை மெதுவாகச் சொல்லவிடுங்கோ. மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில், ‘என்ன செய்யப்போறியள்?’ என்று அவள் கேட்டதும் மக்பெத் கொஞ்சம் பேசாமல் நிற்கட்டும். சபை அடங்குதா பாருங்கோ.

ஒன்று, மக்பெத்தை அப்பாவியாக்க வேண்டாம். சூனியக்காரிகளைக் கண்ட இடத்திலேயே, மனைவியிடம் பேசமுன்னமே, கொலை நினைப்பு அவனுக்கு வந்துவிட்டது.